வெள்ளைப் புடவையும் ஒரு லட்ச ரூபாயும்

வேண்டாம் என்று சொன்னார், வந்தவர் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார், அப்போதும் கேட்கவில்லை. நந்தனார் கதையைப் பேசும்படமாக எடுக்கக் கிளம்பிய அசன்தாஸ் என்ற பட முதலாளிக்கு, நந்தனாராக நடிக்கக் கொடுமுடி சுந்தராம்பாள்தான் வேண்டும். அவருக்கோ சினிமா என்றாலே வேப்பங்காய். ஆளைக் கிளப்பிவிட ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. யாரும் கொடுக்க முடியாத தொகையைக் கேட்டுவிடுவது. ஒரு லட்சம் ரூபாய் என்றார். பவுன் முப்பது ரூபாயைத் தொடாத காலம் அது. கேட்டவுடன் முதலாளி துண்டை உதறிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். சரி என்றுவிட்டார்.

1935-ல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ இப்படித்தான் தொடங்கியது. ஒரு படத்துக்கு லட்ச ரூபாய் வாங்கிய முதல் ஆள் என்று, ஆண் பெண் இருபாலாரையும் சேர்த்துத்தான், இந்தியத் திரை வரலாறு எழுதுகிறவர்கள் கே.பி. சுந்தராம்பாளைச் சொல்கிறார்கள். கணவரை இழந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. நகைகளைக் கழற்றிவிட்டு வெள்ளைப் புடவைக்கு மாறியிருந்தார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக மேடையேறுவதில்லை என்று முடிவும் எடுத்திருந்தார். வயது இருபத்தைந்தைத் தாண்டி ஓரிரண்டு ஆண்டுதான்.

கே.பி.எஸ். என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் நேராக அந்த வெள்ளைப் புடவைக்குப் போய்விடுவார்கள். பதிபக்தி, தியாகம், கண்ணீர் என்று பேச்சு நீளும். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பேச்சில் லட்ச ரூபாய் மட்டும் எங்கோ காணாமல் போய்விடுகிறது. தன் குரலின் விலை தெரிந்த, என்ன வேடம் கட்டலாம் எது கூடாது என்பதைத் தானே தீர்மானித்த, அந்தத் தீர்மானத்துக்கு ஏற்றபடி கதைகளையே வளைய வைத்த ஒரு தொழில்காரர் அவர். தமிழ் சினிமாவில் காதல் காட்சியே இல்லாமல் நட்சத்திரமான பெண் வேறு யார் என்று யோசித்துப் பார்த்தால், பட்டியல் ஒரு பெயரோடு நின்றுவிடும்.

ஈரோட்டிலிருந்து கரூர் போகும் ரயில் பாதையில் காவிரிக் கரையில் இருக்கிறது கொடுமுடி. அதுவரை தெற்கு பார்த்து வரும் காவிரி, கிழக்கே திரும்புகிற இடம். மகுடேசுவரர் கோயிலும் அதற்குள்ளேயே பெருமாள் சந்நிதியும் உண்டு. சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடியது இந்த ஊரில்தான். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு ஆடிப் பதினெட்டு என்றால் கொடுமுடி நினைவுக்கு வரும். தீர்த்தக் காவடிக்குக் காவிரித் தண்ணீர் எடுத்துப் பழனிக்கு நடக்கிறவர்கள் கூடுவதும் இங்கேதான். முருகன் பாட்டு காதில் விழாமல் இந்த ஊரில் ஒரு குழந்தை வளர முடியாது.

1908-ல் பிறந்த சுந்தராம்பாளுக்கும் அப்படித்தான். பெயருக்கு முன்னால் நிற்கும் ‘கே’ ஊர். ‘பி’ தாயார் பாலாம்பாள். தம்பி, தங்கை என்று சின்னக் குடும்பம், பெரிய வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி என்பது அவரைப் பற்றிய எல்லாக் கதைகளிலும் வரும். அந்தக் குரல் கேட்டு நாடகத்துக்கு வழிகாட்டியவராகத் திருச்சி ரயில்வே அதிகாரியும் நாடக நடிகருமான எஃப்.ஜி. நடேச ஐயரைச் சொல்வார்கள். வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்தபோது பாவாடை கட்டும் வயது. ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசி தாங்காமல் அழுது பாடும் பிள்ளை வேடம். பசி என்பது அந்தக் குழந்தை சொல்லிக்கொடுத்துக் கற்க வேண்டிய சங்கதி அல்ல.

அன்றைய நாடகத் தொழில் எப்படி நடந்தது என்று கொஞ்சம் தெரிந்தால்தான் அந்தக் குரலின் அருமை புரியும். ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பார்கள். நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், பபூன் மூன்றாவது ஊர்க்காரராக இருப்பார். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால், முன்பின் பார்த்திராத இருவர் அரங்கில் ஏறி விடியவிடிய நடித்துவிட முடியும். மனப்பாடத்தை முடித்துவிட்டு எதிரே நிற்பவரை மடக்குவதுதான் வேடிக்கை. வள்ளி ஒரு கேள்வி போட வேண்டும், வேலன் பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவர் அந்த ஊரில் அடுத்த வருஷம் பேசப்பட மாட்டார்.

இதெல்லாம் மைக் இல்லாமல். பந்தலின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் சொல் சொல்லாகக் கேட்க வேண்டும். மேடை ஓரத்தில் ஆர்மோனியக்காரர் இருப்பார். அவரும் சும்மா இருக்க மாட்டார், பின்பாட்டு பாடுவார், சில சமயம் நடிகரை விஞ்சவும் பார்ப்பார். ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவது சாதாரணம். பெண்கள் நாலரை, ஐந்து. இருவரும் ஒரே காட்சியில் பாட வேண்டி வந்தால் யாராவது ஒருவர் தன் சுருதியை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

விட்டுக்கொடுக்கத் தேவையில்லாத ஒரே ஆண் செங்கோட்டையில் பிறந்திருந்தார்.

எஸ்.ஜி. கிட்டப்பா 1906-ல் பிறந்தவர். பிள்ளைப் பருவத்திலேயே மேடை ஏறியவர். பெண்களின் சுருதிக்குச் சிரமமில்லாமல் எட்டும் குரல். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம். 1926-ல் கிட்டப்பா இலங்கை போனபோது சுந்தராம்பாள் அங்கே ஏற்கெனவே கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினால் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ் நாடகத்துக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லாத காலம். அந்தப் பெண்ணோடு ஜோடி சேராதே, அவள் குரலுக்கு முன்னால் நீ நிற்க முடியாது என்று கிட்டப்பாவுக்கு வேண்டியவர்களே தடுத்ததாகச் சொல்வதுண்டு. நின்றார்கள், இருவரும். ‘வள்ளி திருமண’த்தில் தினைப்புனப் பரணில் நின்று வள்ளி ஆலோலம் பாடிக் கிளியோட்டுவாள். வேடன் உருவில் முருகன் வந்து வம்பளப்பான். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பார். ‘ஒன்ஸ்மோர்’ கேட்டே நாடகம் நகராமல் நிற்கும்.

1927-ல் இருவரும் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்னரே கல்யாணம் ஆகியிருந்தது. அவர் பிராமணர், இவர் அல்ல. கேட்பானேன்! ஊர் பேசியது, உறவு பேசியது. அரங்கத்தில் வருமானம் கொட்டியது. வீட்டில் பிணக்குகள் வளர்ந்தன. பிறந்த குழந்தை தங்கவில்லை. பிற்காலத்தில் இருவரும் பிரிந்து வாழ்ந்தார்கள். கணவருக்கு அவர் எழுதிய கடிதங்களில் ஏக்கமும் உண்டு, சூடும் உண்டு. புராணத்துச் சதி அனசூயை எழுதும் கடிதங்கள் அல்ல அவை. 1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்தார். வயது இருபத்தேழு. தமிழில் பேசும்படம் வந்து இரண்டே ஆண்டுகள். அவர் ஒரு படத்தில்கூட நடிக்கவில்லை. நமக்குக் கிடைப்பது கிராமபோன் தட்டில் பதிவான குரல் மட்டும்.

இதற்குப் பிறகுதான் கே.பி.எஸ்ஸின் தொழில் வாழ்க்கை சுவாரசியமாகிறது. விதவைக் கோலத்துக்குப் போன நடிகை அன்றைய கணக்குப்படி அத்தோடு முடிந்திருக்க வேண்டும். வள்ளியாகவும் இனி நிற்க முடியாது, தமயந்தியாகவும் முடியாது. ஸ்திரீபார்ட்டின் பிழைப்பே ஜோடி சேர்வதில்தான். அவர் இரண்டு வழி கண்டுபிடித்தார். ஒன்று கச்சேரி. இன்னொன்று ஆண் வேடம். ஆணுக்கு ஜோடியாகத்தானே நடிக்கக் கூடாது, தானே ஆணாகிவிட்டால்? நந்தனார் அந்த வழியில் வந்தவர்.

படத்தில் வேதியராக நடித்தவர் சங்கீத உலகின் பெரும்புள்ளி மகாராஜபுரம் விசுவநாத ஐயர். கதைப்படி, பண்ணையாளை அடக்கி ஆண்ட அந்த வேதியர் கடைசியில் நந்தனாரை வணங்க வேண்டும். பிராமண சங்கீத வித்வான் ஒருவர், நாடக மேடையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு முன்னால் பணிவது 1935-ல் லேசுப்பட்ட காட்சி அல்ல. இயக்கியவர் மாணிக்லால் டாண்டன், அமெரிக்காவில் சினிமா படித்துத் திரும்பியவர். அவரோடு அங்கே படித்த எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் அப்போதுதான் இந்தியா வந்திருந்தார், இந்தப் படத்தின் சில காட்சிகளை அவரே எடுத்தார். அடுத்த ஆண்டே கோயமுத்தூர் மருதாசலம் செட்டியார் தயாரித்த ‘சதி லீலாவதி’க்கு டங்கன் இயக்குநராகிவிட்டார். எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய படம் அது.

‘நந்தனார்’ எப்படி இருந்தது? ஆனந்த விகடனில் கல்கி ஒரு போடு போட்டார். படத்தில் பனைமரமும் எருமைக்கடாவும் ஆட்டுக்குட்டியும் நன்றாக நடித்திருப்பதாக எழுதினார். லட்ச ரூபாய் நடிகைக்கு இதைவிட நாகரிகமாகக் குட்டு வைக்க முடியாது. ஆனால் கல்கி சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்றே எண்ணத் தோன்றுகிறது. கே.பி.எஸ். மேடைக்காரர். கடைசி வரிசைக்காகப் பழகிய உடம்பு. காமிரா ஒரு முழத்தில் நிற்கிறது, கண்ணைச் சிமிட்டினாலே போதும் என்பது அவருக்குக் கடைசிவரை முழுதாகப் பிடிபடவில்லை. முகத்தை நகர்த்தாமல் குரலை நகர்த்துகிறவர் அவர். அதனால் அவருக்கென்று கதாபாத்திரம் வாய்த்தால் படம் தூக்கும். இல்லாவிட்டால் நிற்கும்.

அந்தக் கதாபாத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. 1940-ல் மணிமேகலை, அரசகுமாரனை மறுத்துத் துறவியான பெண். 1953-ல் அவ்வையார், கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்டு வாங்கியவள். 1964-ல் கவுந்தி அடிகள், சமணத் துறவி. 1973-ல் காரைக்கால் அம்மையார், அழகு எதற்கு என்று உதறிவிட்டுப் பேயுரு வேண்டியவர். தமிழ் இலக்கியத்திலும் பக்தி மரபிலும் இளமையைக் கழற்றி வைத்த பெண்கள் எத்தனை பேர் உண்டோ, ஏறக்குறைய அத்தனை பேரையும் அவர் நடித்து முடித்துவிட்டார். வேறெந்த மொழி சினிமாவிலும் இப்படி ஒரு நடிகைக்குப் பிழைப்பு ஓடியிருக்குமா தெரியாது. நம் மரபில் சரக்கு இருந்தது. அதை எடுத்து விற்கத் தெரிந்தவர் அவர்.

‘அவ்வையார்’ ஜெமினி வாசனின் பிரம்மாண்டம். இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. பல ஆண்டுகள் எடுத்தார்கள். இளம் அவ்வையாகக் குசலகுமாரி வந்து, பிள்ளையார் கண் திறந்த பிறகு கே.பி.எஸ். ஆகிவிடுவார். நாற்பத்தைந்து வயதில் ஒரு நடிகை இத்தனை பெரிய படத்தைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு போவது இன்றைக்கும் அரிதான காரியம். நாயகன் கிடையாது, ஒரு கோலூன்றிய கிழவி, ஊர் ஊராக நடக்கிறாள், பாடுகிறாள், அரசர்களுக்குப் புத்தி சொல்கிறாள். அந்தப் பாட்டுக்குக் கோட்டையை உடைக்கும் யானைக்கூட்டம் இறங்கி வரும் கட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இடையில் அரசியலும் உண்டு. தேச விடுதலைப் போராட்டத்துக்கு நாடகக்காரர்களை இழுத்துவந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. நாடக மேடையும் இசைத்தட்டும் எப்படிக் காங்கிரஸ் பிரசாரத்துக்குப் பயன்பட்டன என்று சு. தியடோர் பாஸ்கரன் விரிவாக எழுதியிருக்கிறார். கே.பி.எஸ். அதில் முன்வரிசை. காந்தியைப் பற்றி, கதரைப் பற்றி அவர் பாடிய தட்டுகள் எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. 1937 தேர்தலில் ஊர் ஊராகப் பாடி ஓட்டுக் கேட்டார். கொடுமுடி வீட்டுக்குக் காந்தி சாப்பிட வந்தபோது தங்கத் தட்டில் பரிமாறினாராம். சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று காந்தி சிரித்துக்கொண்டே கேட்க, தட்டையும் கொடுத்துவிட்டாராம். அது ஏலத்துக்குப் போய்க் கட்சி நிதியானதாம். காந்தியையும் தெரியும், கே.பி.எஸ்ஸையும் தெரியும் என்பதால் யாரும் இந்தக் கதையைச் சந்தேகிப்பதில்லை.

1951-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குள் போன முதல் ஆள் இந்தியாவிலேயே அவர்தான் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. திரையிலிருந்து கோட்டைக்குப் போனவர்களின் கதையைத் தமிழ்நாடு பிற்காலத்தில் கதை கதையாகப் பார்த்தது. அந்தக் கதையில் முதல் அத்தியாயம் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு கொடுமுடிக்காரி என்பது பேச்சு மேடைகளில் அதிகம் ஒலிப்பதில்லை.

காங்கிரஸ்காரரும் முருக பக்தருமான அவரை தி.மு.க. தலைவர் ஒருவரின் படத்தில் கொண்டுவந்து நிறுத்தியது ‘பூம்புகார்’. திரைக்கதை, வசனம் மு. கருணாநிதி. இயக்கம் ப. நீலகண்டன். எஸ்.எஸ். ராஜேந்திரன் கோவலன், விஜயகுமாரி கண்ணகி. கவுந்தி அடிகளுக்கு கே.பி.எஸ்தான் என்று கருணாநிதி பிடிவாதமாக இருந்தார். வந்த இடத்தில் ஒரு பாட்டில் சிக்கல். அரசன் தண்டனையை உடனே நிறைவேற்றிவிட்டான், தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும்படி வரி இருந்தது. இதை நான் பாட மாட்டேன் என்றார் கே.பி.எஸ். தெய்வம் எங்கும் போகவில்லை என்பது அவர் கட்சி. எழுதியவர் யோசித்தார். கேள்வியாக இருந்ததைத் தெய்வம் வந்துவிட்டது என்று மாற்றிக் கொடுத்தார். பாட்டுக்கும் பங்கமில்லை, பாடியவருக்கும் பங்கமில்லை. நாத்திகரிடம் ஆத்திகர் ஒரு வரி திருத்தம் வாங்கிய இந்தச் சம்பவத்தைத் தமிழ் சினிமாக்காரர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சொன்னபடி பாடிவிட்டுச் சம்பளம் வாங்கிப் போகும் ஆளாக அவர் எப்போதுமே இருந்ததில்லை.

அடுத்த ஆண்டு ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’. சிவனாக சிவாஜி, பார்வதியாக சாவித்திரி. ஞானப்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்ட முருகன் ஆண்டிக் கோலத்தில் பழனிக்குப் போய் நின்றுவிடுகிறான். சமாதானம் பேச அவ்வை வருகிறாள். அந்த ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். கையில் கோல், நெற்றி நிறைய விபூதி, உடம்பில் அசைவே கிடையாது. முதலில் தாளம் இல்லாமல் விருத்தமாக எடுக்கிறார். பேச்சா பாட்டா என்று பிரிக்க முடியாத இடத்தில் குரல் நிற்கிறது. பிறகு ஒரே மூச்சில் மேல் ஸ்தாயிக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது, கீழே இறங்கும் அவசரமே இல்லை. ‘ழ’கரம் ஒவ்வொன்றும் தனியாக விழுகிறது. கே.வி. மகாதேவனின் வாத்தியங்கள் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கின்றன. தியேட்டரின் ஒலிபெருக்கியையே பொருட்படுத்தாமல், பந்தலின் கடைசி வரிசைக்குப் பாடுகிற அதே பழைய பழக்கம். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு.

இதில் தொழில் சார்ந்த ஒரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. தமிழ்ப் படங்களில் நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்ற பின்னணிப் பாடல் முறை நாற்பதுகளில் வேரூன்றி, ஐம்பதுகளில் எல்லாரையும் விழுங்கிவிட்டது. பாடத் தெரிந்தால்தான் நடிகன் என்றிருந்த தலைமுறை ஓய்ந்தது. பி.யு. சின்னப்பா 1951-லும் தியாகராஜ பாகவதர் 1959-லும் போய்விட்டார்கள். சிவாஜிக்கு டி.எம்.எஸ்., சாவித்திரிக்கு பி. சுசீலா என்று ஆகிவிட்ட காலத்தில், தன் வாயசைப்புக்குத் தானே பாடுகிறவராக கே.பி.எஸ். மட்டும் ஏறக்குறைய தனியே நின்றார். அவருக்கு வேறொருவர் குரல் கொடுப்பதை நினைத்துப் பார்க்கக்கூட யாரும் துணியவில்லை.

கடலுக்கு அந்தப்பக்கம் ஒருவரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதே 1908-ல் நியூயார்க்கில் பிறந்தவர் எதெல் மெர்மன். பிராட்வே நாடக அரங்கில் மைக் இல்லாமலே கடைசி இருக்கைவரை கணீரென்று பாடிப் புகழ் பெற்றவர், 1930-ல் ‘கேர்ள் கிரேசி’ நாடகத்தில் ஒரே இரவில் பிரபலமானவர். ஆனால் ஹாலிவுட்டுக்கு அவரை என்ன செய்வதென்று கடைசிவரை சரியாகத் தெரியவில்லை. 1959-ல் ‘ஜிப்சி’ நாடகத்தில் அவர் அமர்க்களப்படுத்திய வேடம் 1962-ல் படமானபோது ரோசலிண்ட் ரஸ்ஸலுக்குப் போயிற்று. மேடையின் ராணியாகவே இருந்துவிட்டார் மெர்மன். கே.பி.எஸ்ஸுக்கோ ஐம்பது வயதுக்கு மேல்தான் சினிமா தொடர்ச்சியாகக் கதவைத் திறந்தது. 1935, 1940, 1953 என்று நடுவில் ஆண்டுக் கணக்கில் இடைவெளி விட்டு வந்தவர், 1964-க்குப் பிறகு படம் மேல் படமாக வந்தார். மொத்தமாக எண்ணினால் அவர் நடித்த படங்கள் ஒரு டஜனை ஒட்டித்தான் வரும். நடிகைகளை முப்பது வயதில் அண்ணி வேடத்துக்கு அனுப்பிவிடும் ஊரில், ஐம்பதுக்கு மேல் வாய்ப்புப் பெருகியது தலைகீழ்க் கணக்கு.

‘மகாகவி காளிதாஸ்’, ‘கந்தன் கருணை’ எல்லாம் வந்தன. இவற்றில் சிலவற்றில் அவருக்கு வேலை குறைவு, வந்து ஒரு பாட்டுப் பாடி ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போவார். பக்திப் படம் என்றால் கே.பி.எஸ். பாட்டு ஒன்று இருந்தாக வேண்டும் என்ற சம்பிரதாயம் உருவாகிவிட்டிருந்தது. சம்பிரதாயம் கலைக்கு நல்லதல்ல. ஒரே மாதிரியான வேடம், ஒரே மாதிரியான மேல் ஸ்தாயி என்று அந்தப் படங்கள் இன்று அலுப்புத் தட்டத்தான் செய்கின்றன.

அலுப்புத் தட்டாத ஒன்றைக் கொங்கு மண்ணிலிருந்தே ஒருவர் எடுத்தார். கோயமுத்தூர் ராமநாதபுரத்துக்காரர் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். உடற்பயிற்சிக்கூடத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர், எம்.ஜி.ஆரை வைத்து வரிசையாகப் படம் எடுத்தவர், ஆட்டையும் யானையையும் நடிக்கவைத்துக் காசு பார்த்தவர், எல்லாவற்றுக்கும் மேல் மருதமலை முருகனின் அடிமை. அவர் 1969-ல் தம்பி எம்.ஏ. திருமுகம் இயக்கத்தில் எடுத்த ‘துணைவன்’ படத்தில் ஏ.வி.எம். ராஜனும் சௌகார் ஜானகியும் நடித்தார்கள். பால முருகனாகக் குழந்தை ஸ்ரீதேவி வந்தார். முருக பக்தையாக கே.பி.எஸ். இரண்டு கொங்குக்காரர்கள், ஒரே முருகன். அந்தப் படப் பாடலுக்காக அந்த ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது கே.பி.எஸ்ஸுக்குக் கிடைத்தது. பெண்களுக்கு அந்த விருது தொடங்கியது அதற்கு முந்தைய ஆண்டில்தான், முதலில் வாங்கியவர் பி. சுசீலா. தனக்காகத் தவிர வேறு யாருக்கும் பின்னணி பாடிப் பழகாத ஒருவருக்குப் பின்னணிப் பாடகி விருது! விருதுக் குழுவில் இருந்தவர்கள் இந்த வேடிக்கையைக் கவனித்தார்களோ என்னவோ. 1970-ல் பத்மஸ்ரீயும் வந்தது.

1973-ல் ஏ.பி. நாகராஜனின் ‘காரைக்கால் அம்மையா’ரில் இளம் புனிதவதியாக லட்சுமி நடிக்க, பேயுருவாகிக் கயிலைக்குத் தலையால் நடந்துபோகும் அம்மையாராக கே.பி.எஸ். வந்தார். இசை குன்னக்குடி வைத்தியநாதன். அறுபத்தைந்தை எட்டிவிட்ட குரலில் பழைய நீளம் இல்லை, மூச்சு வாங்கும் இடங்கள் தெரிகின்றன. ஆனால் சொல் சுத்தத்தில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை. 1980-ல் காலமானார்.

கொடுமுடியில் அவர் பெயரில் ஒரு சினிமா கொட்டகையே நடந்தது, அவர் கட்டியதுதான். படம் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு முதலாளியம்மா பாட்டும் பாடுவார் என்பது ஒரு கூடுதல் தகவலாக இருந்திருக்கலாம். சினிமா வேண்டாம் என்று விலை ஏற்றிச் சொன்ன பெண் சினிமாக் கொட்டகை முதலாளியாகிவிட்டதை, கணக்கு வழக்கில் கெட்டியான கொங்கு நாட்டு ஆட்கள் ரசிக்காமல் இருக்க மாட்டார்கள்.

அவரைக் கேட்டதே இல்லாத இளம் வாசகர்களுக்கு ஒரு யோசனை. தொடக்கத்துக்குத் திருவிளையாடல் பழனிமலைக் காட்சி போதும். தைப்பூசத்துக்கு எந்த ஊர்ப் பந்தலுக்குப் போனாலும் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை, அதுவே வரும். அடுத்து ‘பூம்புகார்’, திருத்தம் வாங்கிய அந்த வரி எங்கே வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு. பிறகு கிட்டப்பாவின் பழைய தட்டுகள் இரண்டு மூன்று, அந்தச் சுருதியில் ஓர் ஆண் பாடுவதைக் கேட்டால்தான் கொழும்பில் அந்த ஜனங்கள் ஏன் பைத்தியமானார்கள் என்று விளங்கும். ‘அவ்வையா’ரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். நடுவில் கொஞ்சம் தூக்கம் வந்தால் தப்பில்லை, யானைகள் வரும்போது மட்டும் விழித்துக்கொள்ளுங்கள்.